தாயம் விழாத மாதங்கள்

'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள் எங்கள் பக்கத்தில். 'குளிக்காமல் இருக்கிறாள்', 'நாள் தள்ளிப் போயிருக்கிறது', 'உண்டாகியிருக்கிறாள்' என்றும் சொல்வதுண்டு. கர்ப்பத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவற்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லாமே காரியம் நடந்து முடிந்த பிறகு சொல்கிற சொற்கள். மாதவிலக்கு வந்து, தலை முழுகி வீட்டுக்குள் வரவேண்டிய நாளில் அது நடக்கவில்லை. அதை வைத்து ஊகித்துச் சொல்வது. கரு உருவாகிற நாளுக்கென்று வீட்டுத் தமிழில் ஒரு சொல் கிடையாது.

மாட்டுக்கு உண்டு. பசு கத்துகிற கத்தலிலேயே 'பருவத்துக்கு வந்திருக்கிறது' என்று கண்டுகொள்கிறார்கள். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையில் சினை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். மனித இனத்தில் அந்த நாள் வெளியே தெரிவதில்லை. பெண்ணுக்கே பெரும்பாலும் தெரியாது. தெரியாத இடத்தில் ஊகம் புகுந்துகொள்கிறது. ஊகத்தின் பின்னாலேயே பழியும் வந்து சேர்கிறது.

நான் குடியிருக்கும் முனிர்காவில், பாபா கங்கநாத் மார்கில் தேசிய சுகாதார மற்றும் குடும்ப நல நிறுவனம் இருக்கிறது. சுகாதார நிர்வாகத்துக்கென இருந்த ஒரு நிறுவனத்தையும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென இருந்த இன்னொன்றையும் இணைத்து 1977இல் உருவானது. நாட்டின் மக்கள்தொகை பற்றியும் குடும்ப நலம் பற்றியும் ஆராய்வதும், சுகாதார அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதும் அதன் வேலை. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் முனிர்கா கிராமம். கிராமம் என்பது பழைய பேச்சு. ஒரு ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடலாம் என்கிற அளவுக்கு நெருக்கமான சந்துகளும், மாடிக்கு மேல் மாடியாக வாடகை அறைகளும்தான் இப்போது. வேலை தேடி வந்த தமிழர்களும் மலையாளிகளும் மணிப்பூரிகளும் பிகாரிகளும் அங்கே இருக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி. கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து மாமியார் மாதம் தவறாமல் போன் செய்வார். மற்ற நாளிலும் பேசுவார்தான், ஆனால் ஒரு குறிப்பிட்ட தேதியை ஒட்டி வரும் போனில் மட்டும், "என்ன தாயி, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்ற கேள்வி இருக்கும். அந்தத் தேதியை அவர் எப்படியோ மனதில் குறித்து வைத்திருந்தார்.

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவள். செய்தி, கட்டுரை, சில சமயம் சுகாதாரப் பிரசுரங்கள். ஒருநாள் என் மேஜையில் கிடந்த ஒரு துண்டுப் பிரசுரத்தை அந்தப் பெண் எடுத்துப் படித்தாள். ஆரோக்கியமான இளம் தம்பதிக்கு ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம் என்று அதில் இருந்தது. படித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, அப்ப எனக்குக் கால்வாசிதான் சக்தி இருக்குன்னு அர்த்தமா? ஒன்பது மாசமாச்சு. எங்கிட்ட ஏதோ குறை இருக்குன்னு அத்தை நினைக்கிறாங்க."

வாய்ப்பு என்ற சொல்லை அவள் தகுதி என்று படித்துவிட்டாள். இதற்குப் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் 'நிகழ்தகவு' என்று சரியான சொல் இருக்கிறது. ஆனால் அதை எந்த வீட்டிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு நான் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் முன்னோர் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு நூற்பா உண்டு. பரத்தையை நாடிப் பிரிந்து போன தலைவனும், மனைவிக்குப் பூப்பு நிகழ்ந்ததை ஒட்டி வரும் 12 நாட்கள் அவளை விட்டு அகன்று இருக்கக் கூடாது என்பது அதன் கருத்து. அது கரு நிற்கும் காலம் என்று உரைகாரர்கள் காரணம் சொல்கிறார்கள். விலக்கான முதல் மூன்று நாளைத் தள்ளி எண்ணினால் நாலாம் நாளில் தொடங்கிப் பதினைந்தாம் நாளில் முடிகிறது. 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குக் கருத்தரிக்கக் கூடிய நாட்கள் ஏறக்குறைய இதற்குள் அடங்கிவிடும். மனுஸ்மிருதி 16 இரவுகள் என்கிறது. இதுவும் மோசமில்லை. ஆனால் அதோடு நிற்காமல், இரட்டைப்படை இரவில் ஆண், ஒற்றைப்படை இரவில் பெண் என்றும் சொல்கிறது. திருமந்திரத்தின் 'கர்ப்பக் கிரியை' பகுதியோ வலது நாசியில் மூச்சு ஓடினால் ஆண், இடது நாசியில் ஓடினால் பெண் என்கிறது. இந்த இரண்டும் உண்மையல்ல. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு சுமந்து வரும் குரோமோசோம். எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். தாயிடம் இருப்பது எக்ஸ் மட்டுமே. 'பொட்டைப் பிள்ளையாகப் பெற்றுப் போடுகிறாள்' என்று மருமகளைத் திட்டுகிறவர்கள் விலாசம் மாறித் திட்டுகிறார்கள்.

மேல்நாட்டு மருத்துவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தேவலை என்று சொல்லிவிட முடியாது. பாலூட்டியின் கருமுட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் ஒரு நாயிடம் கண்டது 1827இல். அதற்குப் பிறகும் வெகுகாலம், மாதவிலக்கை ஒட்டிய நாட்களே கருத்தரிக்கும் நாட்கள் என்றும் மாதத்தின் நடுப்பகுதி பாதுகாப்பானது என்றும் அவர்கள் நம்பினார்கள். அப்படியே ஆலோசனையும் சொன்னார்கள். உண்மை நேர் எதிர். 1920களில்தான் ஜப்பானில் கியூசாகு ஓகினோவும் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னவுஸும், ஒருவரை ஒருவர் அறியாமலே, சரியான கணக்கைக் கண்டார்கள். முட்டை வெளிவருவது, அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு. கவனிக்க வேண்டிய சொல் 'அடுத்த'. முடிந்துபோன விலக்கிலிருந்து எண்ணுவது எளிது. வரப்போவதிலிருந்து பின்னோக்கி எண்ண, அது எப்போது வரும் என்று முதலில் தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கை நம்பி நடந்த ஒரு பெரிய சோதனை, முனிர்காவிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் லோதி காலனியில் நடந்தது. தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 1952இல் உலகிலேயே முதலில் தொடங்கிய நாடு இந்தியா. அப்போது சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர். காந்தியின் செயலாளராக இருந்தவர். கருத்தடைச் சாதனங்களைக் காந்தி ஏற்கவில்லை. 1935 டிசம்பரில் வார்தாவில் தன்னைச் சந்தித்த மார்கரெட் சாங்கரிடம் அவர் விட்டுக்கொடுத்தது ஒன்றுதான்: மாதத்தின் பாதுகாப்பான நாட்களை மட்டும் பயன்படுத்தும் முறையின் மேல் தனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை என்றார். அம்ருத் கௌருக்கும் அந்த முறையே சம்மதமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்திடம் உதவி கேட்டார். அது அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோனை அனுப்பியது. நகரத்துக்கு தில்லி லோதி காலனி, கிராமத்துக்கு அன்றைய மைசூர் ராஜ்யத்தின் ராமநகரம் என்று இரண்டு இடங்களில் சோதனை தொடங்கியது.

காலண்டர் இல்லாத, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நாளை எப்படி எண்ணுவார்கள்? ஸ்டோன் ஒரு மணிமாலையைக் கொடுத்தார். பாதுகாப்பான நாளுக்குப் பச்சை மணி, கரு தரிக்கக் கூடிய நாளுக்குச் சிவப்பு மணி. தினம் ஒரு மணியாகத் தள்ள வேண்டும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவில் இருட்டில் பச்சை எது, சிவப்பு எது என்று தெரியவில்லை. அதனால் மணிகளின் வடிவத்தை மாற்ற வேண்டி வந்தது, தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று. சிலர் மணியைத் தவறான பக்கம் தள்ளினார்கள். ஒரு பக்கமாக மட்டும் நகரும்படி கொக்கி வைத்தார்கள். மாலையைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும் என்று சிலர் கூச்சப்பட்டார்கள். சிலர் மாலையே தாயத்துப் போலக் காக்கும் என்று நம்பினார்கள். திட்டம் வெற்றி பெறவில்லை. சில ஆண்டுகளில் அரசு வேறு முறைகளுக்குத் திரும்பிவிட்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டு விடுகிறார்கள், படிக்காத பெண்கள் மாலையைப் புரிந்துகொள்ளவில்லை என்று. எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. தொல்காப்பிய நூற்பாவில் கட்டளை ஆணுக்கு. 12 நாள் எங்கும் போகாதே என்று அவனுக்குத்தான் சொல்லப்படுகிறது. லோதி காலனியில் கணக்கு முழுவதும் பெண்ணின் கழுத்தில் தொங்கியது. மணியைத் தள்ளுவது அவள். இன்று சிவப்பு மணி என்று இருட்டில் சொல்ல வேண்டியதும் அவள். அதைக் கேட்டு விலகிப் போக வேண்டியவனுக்கு மாலையும் இல்லை, பாடமும் இல்லை.

அந்த மாலை பிறகு வேறு உருவில் திரும்பி வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 32 மணிகள் கொண்ட ஒன்றை உருவாக்கினார்கள். மாதச் சுழற்சி தவறாமல் 26 நாளிலிருந்து 32 நாளுக்குள் இருக்கும் பெண்களுக்கு மட்டும் உரியது. எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை வெள்ளை மணிகள். அந்த நாட்களில் கரு தரிக்கலாம். எண்ணிப் பாருங்கள், அதுவும் 12 நாட்கள்தான். 2002இல் வெளியான அதன் ஆய்வின்படி, விதியைப் பிசகாமல் கடைப்பிடித்தவர்களில் ஓராண்டில் 100க்கு 5 பேர் அளவில் கருவுற்றார்கள். பிசகியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 12 பேர். வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு இது போதுமான காப்பு அல்ல. ஒழுங்கற்ற சுழற்சி உள்ளவர்களுக்குப் பயனே இல்லை.

மாலையில் 12 நாள் என்றாலும், உண்மையில் கரு தரிக்கக் கூடிய நாட்கள் ஆறுதான். எந்த ஆறு என்று முன்கூட்டித் தெரியாததால் இருபக்கமும் கொஞ்சம் சேர்த்துப் பன்னிரண்டாக வைத்திருக்கிறார்கள். ஆறு என்ற எண் ஆலன் வில்காக்ஸும் சகாக்களும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில் கிடைத்தது. குழந்தை வேண்டும் என்று முயன்ற 221 பெண்களிடம் தினமும் சிறுநீர் மாதிரி பெற்று, முட்டை வெளிவந்த நாளைக் கணித்தார்கள். முடிவு 1995இல் வெளியானது. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் மட்டுமே பலன் தரும் நாட்கள். ஐந்து நாள் முன்பு உறவு கொண்டால் வாய்ப்பு பத்தில் ஒன்று. முட்டை வெளிவரும் நாளில் மூன்றில் ஒன்று. அதற்கு மறுநாள் உறவு கொண்டு கருவுற்றவர் அந்த ஆய்வில் எவரும் இல்லை.

காரணம் எளிது. வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலு மணி நேரம்தான். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே விந்தணு முன்னதாகப் போய்க் காத்திருக்க வேண்டும். கோடிக்கணக்கில் புறப்பட்டாலும் கருக்குழாயில் முட்டையின் பக்கத்தை எட்டுபவை சில நூறுதான். அதில் ஒன்று உள்ளே நுழைகிறது. அப்படிச் சேர்ந்த கரு குழாய் வழியே நகர்ந்து, ஆறு முதல் பன்னிரண்டு நாள் கழித்துக் கருப்பையில் ஒட்டுகிறது. ஒட்டிய பிறகுதான் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியும் ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். 'அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்ற பழமொழி கேலிக்காகச் சொன்னதுதான். ஆனால் மருத்துவப்படியும் அது சரி. உடனே தொட்டுப் பார்த்து எதுவும் தெரியாது. இரண்டு வாரம் பொறுத்தே ஆக வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்த நாளிலும் மூன்றில் ஒன்றுதான் என்பதைத்தான் பலரால் நம்ப முடிவதில்லை. மீதி இரண்டு என்ன ஆயிற்று? சில முட்டைகள் சேர்வதே இல்லை. சேர்ந்த சில கருக்களில் குரோமோசோம் கணக்கு பிசகியிருப்பதால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. வில்காக்ஸ் குழுவின் 1988ஆம் ஆண்டு ஆய்வில், கருப்பையில் ஒட்டிய கருக்களில் 22 சதவீதம் தாய்க்குத் தெரியும் முன்பே கலைந்திருந்தது. 'இந்த மாசம் நாலு நாள் தள்ளி வந்தது' என்று சொல்கிற சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். வெயிலில் போனதாலோ பப்பாளி தின்றதாலோ மாடிப்படி ஏறியதாலோ அல்ல. எந்தக் குற்றமும் இல்லாமல் இயல்பாக நடப்பது இது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் தலையாட்டினாளே தவிர முகம் தெளியவில்லை. அப்போதுதான் எனக்குத் தாயம் ஞாபகம் வந்தது. "ஊரில் தாயம் ஆடியிருக்கிறாயா?" என்றேன். ஆடியிருக்கிறாள். தாயம் விழாமல் காய் இறங்காது. இரண்டு கட்டைகளை உருட்டினால் விழக்கூடிய 16 விதங்களில் தாயம் இரண்டே விதம். எட்டில் ஒன்று. அதனால்தான் சிலர் ஒரு மத்தியானம் முழுக்க உருட்டியும் காயை இறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் குறை என்று நாம் சொல்வதில்லை. நேற்று விழவில்லை என்பது கட்டைக்கு ஞாபகமும் இராது. அடுத்த உருட்டலில் மறுபடியும் அதே எட்டில் ஒன்று.

கருத்தரிப்பு தாயத்தைவிடத் தாராளம். இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் உள்ள பெண்ணுக்கு மாதத்துக்கு நாலில் ஒன்று என்று வையுங்கள். 100 தம்பதிகள் ஒரே நாளில் தொடங்குகிறார்கள். முதல் மாதம் 25 பேர் வீட்டில் பாயசம். மீதி 75. அதில் நாலில் ஒரு பங்கு அடுத்த மாதம், மீதி 56. மூன்றாம் மாத முடிவில் 42. ஆறாம் மாத முடிவில் 18. ஒன்பதாம் மாத முடிவில் ஏழெட்டுப் பேர். இந்த ஏழெட்டுப் பேருக்கும் மற்றவர்களுக்கும் உடலில் ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துத்தானே கணக்குப் போட்டோம்? இருந்தும் யாரோ சிலர் கடைசியில் நிற்கத்தான் செய்வார்கள். நிஜத்தில் எல்லோருக்கும் வாய்ப்பு சமமாக இல்லை என்பதால், ஓராண்டுக்குப் பிறகும் காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதைவிட அதிகம். 100க்கு 80க்கு மேற்பட்டவர்கள் ஓராண்டில் கருவுறுகிறார்கள். மீதியில் பாதிப்பேருக்கு இரண்டாம் ஆண்டில் நடக்கிறது. அதனால்தான் ஓராண்டு முயன்ற பிறகே மருத்துவர்கள் இதைக் குறை என்ற பெயரில் ஆராயத் தொடங்குகிறார்கள்.

பேச்சுவாக்கில், அவள் கணவனின் வேலை பற்றிக் கேட்டேன். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் பொறியாளர். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் லூதியானா, கான்பூர், ஜெய்ப்பூர் என்று சுற்றுப்பயணம். ஒன்பது மாதத்தில் எத்தனை மாதம் அந்த ஆறு நாளும் அவன் தில்லியில் இருந்தான் என்று இருவருமாக எண்ணிப் பார்த்தோம். நிச்சயமாகச் சொல்லும்படி இருந்தது நாலு மாதம்தான். ஒன்பது முறை உருட்டியதாக ஊர் கணக்கு வைத்திருந்தது. பாதிக்குமேல் கட்டையைக் கையில் எடுக்கவே இல்லை. தொல்காப்பியர் காலத்தில் தலைவனைப் பரத்தை இழுத்துக்கொண்டு போனாள். இப்போது அந்த இடத்தில் கம்பெனி இருக்கிறது.

சில வாரம் கழித்து மாமியாரே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து சேர்ந்தார். ஆர்.கே.புரம் மலை மந்திரில் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மருமகளைச் சஷ்டி விரதம் இருக்கச் சொல்வதற்காக. 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பதை 'சஷ்டியில் இருந்தால் அகப் பையில் வரும்' என்று பிரித்துச் சொல்வது அவரைப் போன்றவர்களுக்குப் பிடித்த விளக்கம். விரதத்தை நான் குறை சொல்லவில்லை. மலை மந்திர் படியேறும் எத்தனையோ பெண்களுக்கு, மனதில் இருப்பதை இறக்கி வைக்க வேறு இடம் இல்லை. அவரிடமும் தாயக் கணக்கைத்தான் சொன்னேன். "ஏம்மா, நான் பொழுது சாயிற வரைக்கும் தாயம் விழாம உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, "ஏலே, நீ மாசத்துல எத்தனை நாள் வீட்ல இருக்க?" என்றார். அந்த வீட்டில் அவனிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆணிடம் கேட்க வேண்டியது அதோடு முடிவதில்லை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆணிடமும் ஏதாவது காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவு குறைந்தது, ஒரு காலையில் முடிந்துவிடும். பெண்ணுக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகளோ ஒன்றன்பின் ஒன்றாக நீள்பவை. சில வலி தருபவை. இருந்தும் பல வீடுகளில் முதலில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவள் பெண்தான். 'மலடி' என்ற சொல் தெருவில் அடிபடுகிற அளவுக்கு 'மலடன்' அடிபடுவதில்லை. அகராதியில் இரண்டுமே இருக்கின்றன.

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'ஒரே ஒரு தடவைதானே' என்று அசட்டையாக இருப்பவர்கள் உண்டு. நாள் பார்க்காமல் ஒருமுறை உறவு கொண்டால் கருவுறும் வாய்ப்பு 100க்கு மூன்று என்ற அளவில் இருக்கிறது. சின்ன எண்தான். ஆனால் அந்த ஒருமுறை ஆறு நாட்களில் ஒன்றில் விழுந்தால் அது பத்தில் ஒன்றாகவோ மூன்றில் ஒன்றாகவோ தாவிவிடுகிறது. 'நடுமாதத்தைத் தவிர்த்தால் போதும்' என்பதும் நம்பத் தகுந்ததல்ல. புத்தகங்கள் சொல்கிற பத்தாம் நாளுக்கும் பதினேழாம் நாளுக்கும் இடையே ஆறு நாட்களும் முழுமையாக அடங்கிய பெண்கள், வில்காக்ஸ் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 30 சதவீதம்தான். வேண்டாதபோது வருவதும் வேண்டியபோது வராததும் ஒரே கணக்கின் இரு விளைவுகள். முதலாவதற்குப் பெண்ணை நடத்தை கெட்டவள் என்பதும், இரண்டாவதற்குப் பாக்கியம் இல்லாதவள் என்பதும் ஒரே அநியாயத்தின் இரு பெயர்கள்.

குழந்தை வேண்டுபவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வது சுலபமானது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும். விந்தணு காத்திருக்கும், நாளை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கணவன் அடிக்கடி ஊருக்குப் போகிறவன் என்றால் மட்டும் எண்ணுவது பயன்படும். கருப்பை வாயிலிருந்து வரும் திரவம் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக இருக்கும் நாட்கள் நல்ல அறிகுறி. மருந்துக் கடையில் கிடைக்கும் பரிசோதனைப் பட்டையும் உதவும். ஓராண்டு பொறுக்கலாம். பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம். மாதவிலக்கு ஒழுங்கில்லை என்றாலோ, இருவரில் ஒருவருக்கு முன்பே தெரிந்த கோளாறு இருந்தாலோ காத்திருக்காமல் போய்விட வேண்டும். வயதைப் பற்றி மழுப்புவதில் அர்த்தமில்லை. நாற்பதில் மாத வாய்ப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. போகும்போது இருவரும் போக வேண்டும்.

இதைச் சொல்ல இன்று ஒரு காரணம் கூடியிருக்கிறது. பிறப்பைக் குறைப்பதுதான் ஒரு காலத்தில் அரசின் கவலை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் இந்தியாவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8. இப்போது சுவர்களில் சிவப்பு முக்கோணத்தைவிடக் கருத்தரிப்பு மையங்களின் சிரிக்கும் குழந்தைகள்தான் கண்ணில் படுகின்றன. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு அந்த மையங்கள் பெரிய வரம். அவற்றை ஒழுங்குபடுத்த 2021இல் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் ஏழாம் மாதமே பயந்து, நகையை அடகு வைத்து ஓடுகிறவர்களில் பலருக்கு வேண்டியது இன்னும் நாலைந்து மாதப் பொறுமை மட்டுமே. அவர்களை ஓட வைப்பது நோய் அல்ல. மாதந்தோறும் வருகிற போன்.

மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதை வாசித்துப் பார்த்த என் தோழியும் அதைத்தான் கேட்டார். சொல்ல எனக்கு விருப்பமில்லை. பிறந்தது என்றால் 'பார், குறையில்லை' என்பீர்கள். பிறக்கவில்லை என்றால் வேறு ஒன்று நினைப்பீர்கள். இரண்டுமே அவள் மேல் சொல்லும் தீர்ப்புத்தான்.

'விசேஷம் உண்டா' என்று கேட்காமல் இருக்க நம்மால் முடியாது; அது பாசமும்தான். கேட்பதென்றே ஆனால் இருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும்.